25-க்கு மேல் துணை இல்லை

1895-ல் அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் பின்சக்கரத்தின் நடுவில் மோட்டாரைப் பொருத்திய சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கினார். 10 வோல்ட் பேட்டரி, 100 ஆம்பியர் மின்சாரம். அது கடைக்கு வரவே இல்லை. 1993-ல் ஜப்பானின் யமஹா போட்ட நிபந்தனைதான் சங்கதியை மாற்றியது: நீ மிதித்தால்தான் நான் தள்ளுவேன்.

இந்த மின்சைக்கிள் இந்தியாவுக்கு வந்தபோது சட்டம் ஒரு கயிறு கட்டியது. மோட்டார் 0.25 கிலோவாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் அது மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்.

சென்னை கோபாலபுரத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பிறகு எதற்கு மோட்டார்? ஞாயிறு விடியுமுன் அவ்வை சண்முகம் சாலையில் கூடிக் கிளம்பி, அடையாறு தாண்டி, ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவர்களைக் கேட்டால் தெரியும். நரைத்த தலை அந்தச் சாலைக்குப் புதிதல்ல. கோபாலபுரத்தில் வளர்ந்த மு.க.ஸ்டாலின் முதலமைச்சராக, 68 வயதில், 2021 ஜூலையில் ஈசிஆரில் சைக்கிள் ஓட்டினார். தூரம் வயசாளியைத் தோற்கடிப்பதில்லை. மார்கழியில் திரும்பும்போது வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்கும். "நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்" என்பார். அடுத்த ஞாயிறு வரமாட்டார். மோட்டாருக்கு வேலை அந்த இடத்தில்தான்.

ஆனால் எல்லா மோட்டாரும் குழுவுக்கு ஆகாது. விலை குறைந்தவற்றில் உள்ள சென்சார், பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். அரைச்சுற்று தாமதித்து, திடீரென்று உந்தும். முன்னால் போகிறவரின் சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்த உந்தல் வம்பு. மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்செலவல்ல.

வேகக் கணக்கும் உண்டு. இளவட்டங்கள் காற்றில்லாத காலையில் 30-ல் போவார்கள். மோட்டாரோ 25-ல் கைவிட்டுவிடும்; பிறகு இருபது கிலோவுக்கு மேலான இரும்பைத் தனியாக அழுத்த வேண்டியதுதான். எதிர்காற்றில் மொத்தக் கூட்டமும் 22-க்கு இறங்கும்போது பெரியவர் சேர்ந்துகொள்வார். சில சமயம் முன்னால் போய்க் காற்றையும் மறைப்பார்.

"மோட்டார் வச்சா அது சைக்கிளிங்கா சார்?" என்ற கிண்டல் இருக்கத்தான் செய்யும். பிரெவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் மனித சக்திக்கு மட்டுமே அனுமதி, அது நியாயம்தான். ஞாயிறு காபிக்கு அந்த விதி எதற்கு?

வாங்குகிறவர்கள் பேட்டரி கழற்றக்கூடியதா என்று பாருங்கள். லிப்ட் இல்லாத பழைய பிளாட்டில் மூன்றாம் மாடிக்கு சைக்கிளைத் தூக்க முடியாது, பேட்டரியைத் தூக்கலாம். போகும்போது மோட்டாரை அணைத்தே ஓட்டுங்கள். திரும்பும் வழியில் திருவிடந்தை தாண்டி வடக்கே வரும்போதுதான் அது தேவைப்படும்.