கோப்புறைப் பெயரில் தமிழ்: ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பு நிறுவலும் குறிமுறை வரலாறும்

கைப்பேசிச் செயலி உருவாக்கம் பயில்வோர்க்குத் தொடக்கத்திலேயே சொல்லப்படும் அறிவுரை ஒன்றுண்டு: கோப்புறைகளுக்கு ஆங்கிலப் பெயரே இடவேண்டும். காரணம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஈரோட்டு மாணவி ஒருவர் தம் விண்டோஸ் கணினியில் ‘கயல்விழி’ எனத் தமிழிலேயே பயனர் கணக்குத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். அவருக்குரிய கோப்புறையும் அப்பெயரிலேயே அமையும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை நிறுவும்போது, மென்பொருள் உருவாக்கக் கருவித்தொகுப்பு (எஸ்.டி.கே.) இயல்பாகச் சென்றமரும் இடம் அக்கோப்புறையின் உட்பிரிவே. பாதையில் ஆஸ்கி அல்லாத எழுத்துகள் உள்ளன என்னும் எச்சரிக்கை உடனே எழுகிறது. இதனை மாணவியின் பிழையாகக் கொள்ளல் தகாது. குறிமுறை வரலாற்றில் தமிழ் பெற்ற இடத்தின் விளைவு இது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆஸ்கி 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஏழு பிட் குறிமுறை; அதன் இடங்கள் 128. எட்டாம் பிட்டினால் கிடைத்த கூடுதல் இடங்களை விண்டோஸ் மொழிதோறும் வெவ்வேறு குறிமுறைப் பக்கங்களாகப் பகிர்ந்தளித்தது. எபிரேயத்திற்கு 1255, அரபிக்கு 1256, வியட்நாமியத்திற்கு 1258, தாய்லாந்து மொழிக்கு 874. தமிழுக்கு அத்தகைய இயல்புப் பக்கம் வழங்கப்படவேயில்லை. இஸ்கித் தமிழுக்கு 57004 என்னும் எண் உண்டெனினும், அது குறிமாற்றத்திற்கே பயன்படுவது. இயங்குதளத்தின் இயல்புக் குறிமுறையாக அதனை அமைக்கவியலாது. விண்டோஸ் 2000 தமிழை ஏற்றபோது ஒருங்குறி வழியாக மட்டுமே ஏற்றது.

இதன் விளைவு கருவிகளின் உள்ளே தெரிகிறது. ஒருங்குறியைக் கருதாது எழுதப்பட்ட நிரற்கூறு, பாதையை இயல்புக் குறிமுறைப் பக்கத்திற்கு மாற்றிப் படிக்கும். இந்திய ஆங்கில அமைப்புடைய கணினியில் அப்பக்கம் 1252. அங்குத் தமிழ் எழுத்து எதுவும் இல்லை. ‘கயல்விழி’ என்னும் ஐந்தெழுத்துப் பெயர் ஒருங்குறியில் எட்டுக் குறிகள். அவை எட்டுக் கேள்விக்குறிகளாகின்றன. கோப்புப் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஆக, கருவி தேடிச் செல்வது இருக்கவே முடியாத ஓர் இடத்தை.

ஒருங்குறிக்கு முன்பு தமிழ்க் கணிமை எழுத்துருக்களைச் சார்ந்தே இயங்கியது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே பெரிதும் தமிழ் வடிவங்களை அமைத்தன. அம்முறையில் தட்டிய பெயர் கணினிக்கு ஆங்கில எழுத்துக் கோவையே. ஆஸ்கிச் சோதனையை எளிதில் கடந்துவிடும். தரமற்ற முறைக்குக் கிடைக்கும் வழி, தரப்படுத்திய தமிழுக்கு அடைபடுவது நகைமுரண். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தாம், தாப் குறிமுறைகள் வந்தன. 2010 ஜூன் 23இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளிட்ட அரசாணை, ஒருங்குறியையும் தேஸ்16 குறிமுறையையும் தமிழ்நாட்டின் தரமாக ஏற்றது. கொங்கு மண்ணில் நடந்த அம்மாநாட்டுக்கு முன்பே, 2007 நவம்பரில், ஆண்ட்ராய்டு கருவித்தொகுப்பின் முன்னோட்டப் பதிப்பு வெளிவந்திருந்தது. 2014 டிசம்பரில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் முதற்பதிப்பு வந்தது. திரையில் தோன்றும் உள்ளடக்கமாகத் தமிழ் ஏற்கப்பட்டது. கருவிகள் குடியிருக்கும் இடத்தின் பெயராக ஏற்கப்படவில்லை.

செயலியைத் தொகுக்கும் கிரேடில் கருவிக்கான ஆண்ட்ராய்டு செருகுநிரல், விண்டோஸில் செயல்திட்டப் பாதையைச் சோதித்து, ஆஸ்கி அல்லாத எழுத்து இருப்பின் தொகுப்பை நிறுத்திவிடுகிறது. ஒருவரி அமைப்பால் அச்சோதனையை விலக்கலாம். விலக்கினாலும் பாதையைத் தவறாகப் படிக்கும் நிரற்கூறு அப்படியே இருக்கும். 2022 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 18, யூ.டி.எஃப்-8 குறிமுறையை இயல்பாக்கியது. நிரலுள் எழுதும் தமிழ்ச் சொற்களுக்கு அது பெருந்துணை. ஆனால் கோப்புப் பெயர்களைப் படிக்கும் குறிமுறை இயங்குதளத்தையே சார்ந்து நிற்கிறது. நோய் ஒன்றெனத் தோன்றினும் அடுக்குகள் பல என்பதனை ஆய்வாளர் கருதவேண்டும்.

இன்று நடைமுறையில் உள்ள தீர்வு இடமாற்றமே. கருவித்தொகுப்பைச் சி இயக்ககத்தின் மேல்நிலையில் ஆங்கிலப் பெயருடைய கோப்புறைக்கு மாற்றவேண்டும். எமுலேட்டர் கோப்புகளும் கிரேடிலின் தற்காலிகச் சேமிப்பும் பயனர் கோப்புறையிலேயே தங்குவதால், சூழல் மாறிகள் வழி அவற்றையும் தனித்தனியே பெயர்க்கவேண்டும். இவற்றுள் ஒன்றை மறந்தாலும் பிழை வேறு வடிவில் திரும்பும். கணக்கின் பெயரை ஆங்கிலத்திற்கு மாற்றுவது பயன் தராது. அதனால் கோப்புறையின் பெயர் மாறுவதில்லை. இத்தனை மாற்றங்களையும் செய்ய விரும்பாத கயல்விழி, ஆங்கில எழுத்தில் வேறொரு கணக்குத் தொடங்கவேண்டியிருக்கிறது.