செகெட் மிளகாயும் வைட்டமின் சி-யும்

ஹங்கேரியின் திசா ஆற்றங்கரையிலுள்ள செகெட் நகரைச் சுற்றிப் பயிராகும் பாப்பிரிகா மிளகாயைச் சரமாகக் கோத்து இறவாரத்தில் உலர்த்தி, காரம் தரும் வேதிப்பொருளான கேப்சைசின் மிகுந்த வெளிறிய உள்நரம்புகளை நீக்கி இடிப்பது அவ்வூர் உழவர்களின் நெடுநாள் வழக்கம். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, முன்பு அட்ரினல் சுரப்பியிலிருந்து சிறிதளவே பிரித்திருந்த ஹெக்சூரோனிக் அமிலம் உலராத மிளகாயில் நிறைந்திருப்பதை 1930களின் தொடக்கத்தில் கண்டறிந்து, அதைக் கிலோக்கணக்கில் பிரித்தெடுத்தார். ஈறுகளில் குருதி கசியச்செய்யும் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் வைட்டமின் சி அதுவே என்பதால், அஸ்கார்பிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. இரவு உணவில் மனைவி வைத்த மிளகாயை உண்ண மனமின்றி ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றதாக அவர் பின்னாளில் கூறிய கதை சற்று மெருகேறியதாகவே தோன்றினாலும், 1937இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் அம்மிளகாய்க்கும் பங்குண்டு. உலர்த்தும்போது வைட்டமின் சி பெரிதும் குறைந்துவிட, செந்நிறம் தரும் கேப்சாந்தின் என்ற நிறமியே பொடியில் எஞ்சுகிறது.