விளக்கு தேய்க்க ஒரு கைப்பிடி உப்பு: காரைக்கால் கதை

இன்னைக்கு எபிசோடுக்குத் தேவையான பொருட்கள் ரெண்டே ரெண்டு. ஊறவெச்ச புளி கொஞ்சம், கல்லுப்பு ஒரு கைப்பிடி. வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கு தேய்க்கிற வீட்டுல வளர்ந்திருந்தா அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். கறுத்துப்போன பித்தளையில இது ரெண்டும் பட்டு ரெண்டு நிமிஷத்துல, உள்ள இருந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும்.

எப்படி? பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காத்துல கிடக்கக் கிடக்க செம்பு மேல ஆக்சைடு படலம் படியும். அதுதான் அந்தக் கறுப்பு. புளியில இருக்கிற டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கும். உப்புல இருக்கிற குளோரைடு, கரைஞ்சு வர்ற செம்பைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும். கல்லுப்போட சொரசொரப்பு தேய்க்கவும் உதவும். தேய்ச்ச உடனே நல்லா அலசித் துடைச்சிடணும். உப்பு அங்கேயே தங்கினா நாலு நாள்ல பச்சை பூத்துடும்.

புளி பத்தி இன்னொரு நாள் பேசலாம். இன்னைக்கு உப்பு. இந்த ஒரு கைப்பிடி உப்புக்காக லண்டன்ல ஒப்பந்தம் போட்டிருக்காங்க. அந்த ஒப்பந்தம் காரைக்காலையும் கட்டுப்படுத்திச்சு.

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர்ல, காவிரி டெல்டா கடலைத் தொடுற இடத்துல இருக்கிற சின்ன நிலப்பகுதி காரைக்கால். மொத்தமே 160 சதுர கிலோமீட்டர் பக்கம்தான். சுத்தி மூணு பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். 1739-ல தஞ்சை மராட்டியர்கிட்ட இருந்து பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்தது. ஊரைச் சுத்தி இருந்த தஞ்சாவூர் சீமை பிற்பாடு இங்கிலீஷ்காரங்க கைக்குப் போச்சு. ஒரே மண்ணு, ஒரே மொழி, வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ராஜ்ஜியம், அந்தப் பக்கம் இன்னொண்ணு.

அந்தக் காலத்து டெல்டா வீட்டுல சுத்தம் பண்ற பொருள் பெரும்பாலும் கடையில இருந்து வரல. அடுப்புல இருந்து வந்தது, மரத்துல இருந்து வந்தது. பாத்திரத்துக்குச் சாம்பல். அதுலயும் வகை இருக்கு பாருங்க. உமிச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கிற அதே சரக்கு. அதனால அடிப்பிடிச்சதைச் சுரண்டி எடுக்கும். விறகுச் சாம்பல்ல பொட்டாசியம் கார்பனேட் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குல பட்டா கொஞ்சமா சோப்பு மாதிரியே மாறிடும். தேய்க்கத் தேங்காய் நார், பீர்க்கங்கூடு. கறைக்குச் செங்கல் பொடி. தரைக்குச் சாணி மெழுகல், வாசலுக்குத் தென்னந்துடைப்பம். துணிக்குப் பூந்திக்கொட்டை.

அழுக்குத் துணி மட்டும் பெரும்பாலும் வீட்டுல தங்கல, வண்ணார் வீட்டுக்குப் போச்சு. அவங்க உவர்நிலத்துல பூத்துக் கிடக்கிற வெள்ளை மண்ணைச் சுரண்டிட்டு வருவாங்க. உவர்மண். அதுல சோடியம் கார்பனேட் இருக்கு, இன்னைக்கு நாம சோடா ஆஷ்னு சொல்ற அதே பொருள். அந்தக் கரைசல்ல துணியை முக்கி, பானை மேல அடுக்கி ஆவி காட்டுறதுதான் வெள்ளாவி. "வெள்ளாவி வெச்ச மாதிரி வெள்ளை"ன்னு சினிமாப் பாட்டு வரைக்கும் வந்துட்டோம். அந்த வெள்ளைக்கு என்ன கூலின்னு யாரும் பாட்டு எழுதல. வருஷத்துக்கு ஒரு தடவை களத்துல கொஞ்சம் நெல், தினமும் சாயங்காலம் வீடு வீடாப் போய் எடுக்கிற சோறு. தலித் மக்களோட துணியை வெளுத்த புதிரை வண்ணாருக்கு அதுகூட உறுதி இல்ல, பகல்ல கண்ணுல படவே கூடாதுன்னு ஒதுக்கி வெச்ச ஊர்களும் இருந்தது. "அந்தக் காலத்துல எல்லாமே இயற்கை, எல்லாமே ஃப்ரீ"ன்னு யாராவது ரீல்ஸ் போட்டா, ஃப்ரீயா கிடைச்சது மண்ணு மட்டும்தானான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

சரி, கொஞ்சம் பாரிஸ் போயிட்டு வரலாம்.

18-ஆம் நூற்றாண்டு கடைசியில பிரான்சுக்கு ஒரு பெரிய தலைவலி. சோப்புக்கும் கண்ணாடிக்கும் சோடா வேணும். அது கடலோரச் செடிகளை எரிச்ச சாம்பல்ல இருந்து வந்துட்டு இருந்தது, நிறைய ஸ்பெயின்ல இருந்து. கடல்ல போர் வந்தா சோடா நின்னுடும். கடல் உப்புல இருந்தே சோடா எடுத்துக் காட்டுறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சாங்க. நிக்கோலா லெப்ளான் அதைச் செஞ்சு காட்டினார். 1791-ல காப்புரிமை வாங்கினார். புரட்சி நடந்துட்டு இருந்த நேரம் அது. அவரோட தொழிற்சாலையை அரசாங்கமே பறிமுதல் பண்ணிச்சு, பரிசுப் பணம் கைக்கு வரவே இல்ல. 1806-ல அவர் தற்கொலை செஞ்சுக்கிட்டார். அவர் கண்டுபிடிச்ச முறை மட்டும் நூறு வருஷம் ஓடிச்சு.

அதுக்குக் கொஞ்ச வருஷம் முன்னாடி, பெர்த்தொலேன்னு இன்னொரு பிரெஞ்சு வேதியியலாளர் குளோரின் துணியை வெளுக்கும்னு காட்டினார். பாரிஸ் பக்கத்துல ழாவேல்னு ஒரு ஊரு, அங்க இருந்த ஆலையில அதைத் திரவமா செஞ்சு வித்தாங்க. பிரான்ஸ்ல ப்ளீச்சுக்கு இன்னைக்கும் "ழாவேல் தண்ணி"ன்னுதான் பேரு. அந்தக் குளோரின் எங்க இருந்து வந்தது? அதுவும் உப்புல இருந்துதான். உப்புல கந்தக அமிலம் ஊத்தி லெப்ளான் முறையில சோடா செய்யும்போது கழிவா வந்த வாயுதான் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாத்ரூம் கழுவ நாம வாங்குற ஆசிட். இங்கிலாந்துல அந்த வாயு ஊரையே அரிச்சதால 1863-ல தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

இப்போ உங்க வீட்டு சிங்க் அடியில ஒரு தடவை பாருங்க. சோப்பு, சோடா, ப்ளீச், ஆசிட். நாலுக்கும் பின்னாடி உப்பு இருக்கு.

உப்புல இருந்து இவ்வளவு செய்ய முடியும்னு முதல்ல உலகத்துக்குக் காட்டின நாடு எதுவோ, அதே நாடுதான் காரைக்கால் உப்பை வித்துட்டுப் போச்சு.

நெப்போலியன் போர்கள்ல பிரெஞ்சு ஊர்களை இங்கிலீஷ்காரங்க பிடிச்சு வெச்சிருந்தாங்க. 1814 பாரிஸ் ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுக்கணும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பயம். கம்பெனி ஆட்சியில உப்பு அரசாங்க ஏகபோகம், நல்ல வருமானம். காரைக்கால்ல உப்பு மலிவா விளைஞ்சா, ராத்திரியோட ராத்திரியா தஞ்சாவூர் சீமைக்குள்ள வந்துடுமே? அதனால 1815 மார்ச் 7-ஆம் தேதி லண்டன்ல ஒரு ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதியில விளையற உப்பை உள்ளூர்த் தேவை போக வாங்கும் உரிமை இங்கிலீஷ்காரங்களுக்கு மட்டும். பதிலுக்கு பிரெஞ்சு அரசுக்கு வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். கூடவே வருஷத்துக்கு 300 பெட்டி அபின் வாங்கிக்கிற உரிமை. ஆமா, சரியாத்தான் கேட்டீங்க, அபின். ஊர் மக்களுக்கு விக்கிற உப்போட விலையும், பக்கத்துக் கம்பெனிப் பகுதி விலைக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கணும்.

1817-ல காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்குத் திரும்ப வந்தது. 1818-ல இன்னொரு ஒப்பந்தம். இந்தத் தடவை உப்பு விளைவிக்கறதையே நிறுத்தணும். உப்பள உரிமையாளர்களுக்கு நஷ்ட ஈடா வருஷத்துக்கு 4,000 பகோடா. ஊருக்குத் தேவையான உப்பை இங்கிலீஷ்காரங்க அடக்க விலைக்குக் கொடுப்பாங்க, பிரெஞ்சு அரசு அதை மக்களுக்கு விக்கும்.

யோசிச்சுப் பாருங்க. வாசல்ல கடல். அடிக்கிற வெயில்ல உப்பு தானா படியற மண்ணு. ஆனா உப்பு அரசாங்கக் கிடங்குல இருந்து வரணும். உரிமையாளருக்கு நஷ்ட ஈடு எழுதினாங்க. பாத்தியில இறங்கி உப்பு வாரினவங்களுக்கும், உப்பு வாங்கிச் சமைக்கிறவங்களுக்கும் ஒரு வரிகூட எழுதல. என்னைக் கேட்டா, ஒரு கப்பம் மாதிரிதான் இது. கட்டினவங்களுக்குத் தான் கட்டுறோம்னே தெரியாத கப்பம்.

விலை ஏறின உப்பு வீட்டுக்குள்ள வந்தா முதல்ல குழம்புக்குத்தான் போகும். அப்புறம் ஊறுகாய், அப்புறம் கருவாடு. மெட்ராஸ் அரசு தன் கடற்கரையில மீன் பதப்படுத்தத் தனி வளாகங்களே திறந்து, அங்க மட்டும் வரியில்லாத உப்பு கொடுத்தது. வரியோட வாங்கற உப்புல கருவாடு போட்டுக் கட்டுபடியாகாதுன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரிதானே அது? இப்படி இருக்கும்போது விளக்கு தேய்க்க யார் ஒரு கைப்பிடி அள்ளுவாங்க? நம்ம பக்கம் பல வீடுகள்ல விளக்குக்குப் புளிச்சக்கையும் சாம்பலும் செங்கல் பொடியும்தான் வழக்கம். ரசத்துக்குக் கரைச்சது போக மிஞ்சின சக்கை. உப்பு சேர்த்தா இன்னும் சீக்கிரம் வேலை முடியும்னு தெரிஞ்சும் சேர்க்காததுக்கு, அந்த விலையும் ஒரு காரணமா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

1930 வந்தது. இங்கிலீஷ் பகுதியில அப்போ உப்பு வரி மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 4 அணா. ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில நூறு பேர் வரைக்கும் திருச்சியில இருந்து கிளம்பினாங்க. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியா வேதாரண்யம். நடந்து வர்றவங்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்து, 30-ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில உப்பு அள்ளினாங்க. காரைக்கால்ல இருந்து கடற்கரையோரமா தெற்கே போனா, நாகப்பட்டினம் தாண்டி வர்ற ஊர்தான் அது. 1947-ல உப்பு வரி ஒழிஞ்சது. காரைக்கால் 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16-ல.

அதுக்கப்புறம் உப்பு பவுடரா மாறி வீட்டுக்குள்ள வந்தது. 1969-ல அகமதாபாத்ல கர்சன்பாய் படேல் நிர்மாவைச் சைக்கிள்ல வெச்சு விக்க ஆரம்பிச்சார், கிலோ 3 ரூபாய்க்கு. பெரிய கம்பெனி பவுடர் அதைவிடப் பல மடங்கு விலை. நிர்மாவுல நிறைய இருந்தது சோடா ஆஷ். வண்ணார் உவர்நிலத்துல சுரண்டின அதே சரக்கு, இப்போ மஞ்சள் பாக்கெட்ல. கை எரியுதுன்னு சொல்லிக்கிட்டே வாங்கினாங்க. வீட்டுலயே துவைக்க முடிஞ்சதால, பரம்பரையா அடுத்தவங்க அழுக்கைச் சுமந்த சில குடும்பங்களோட தலைச்சுமையும் குறைஞ்சது. நம்ம ஊர்ல சாம்பல் இடத்தைச் சபீனா பிடிச்சது. சாம்பல் இப்போ ஆன்லைன்ல அழகான பாக்கெட்ல வருது, பார்த்திருப்பீங்க.

ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிடறேன், இதை நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தா பொங்கும், பார்க்க நல்லா இருக்கும். ஆனா ஒண்ணை ஒண்ணு அடிச்சுட்டுக் கடைசியில மிஞ்சறது கிட்டத்தட்ட உப்புத்தண்ணி மாதிரி ஒண்ணுதான். தனித்தனியாப் போடுங்க, ரெண்டும் வேலை செய்யும். அடுத்தது, இது விளையாட்டு இல்ல: ப்ளீச்சிங் பவுடரையோ ப்ளீச்சையோ பாத்ரூம் ஆசிட் கூட எப்பவுமே சேர்க்காதீங்க. குளோரின் வாயு வெளியே வரும். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்துல ஈப்ர் போர்முனையில ஜெர்மன்காரங்க பிரெஞ்சுப் படைங்க மேல திறந்துவிட்ட அதே வாயு. கதவு மூடின சின்ன பாத்ரூம்ல ஆளைக் கொல்ல அது போதும். வீட்டு வேலைக்கு வர்ற அக்கா கையில ரெண்டு பாட்டிலையும் சேர்த்துக் கொடுக்கிறவங்க இதை அவங்ககிட்டயும் கண்டிப்பா சொல்லுங்க.

இப்போ காரைக்காலுக்குத் தெற்கே நாகூர் ரோட்டுல போனா, எல்லை கிட்ட மேலவாஞ்சூர்னு ஒரு ஊர் வரும். அங்க கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை இருக்கு. உப்புக் கரைசல்ல மின்சாரம் பாய்ச்சி ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, ஒரு பக்கம் குளோரின் பிரிச்சு எடுக்கிறாங்க. ஒண்ணு சோப்புக்கு ஆதாரம், இன்னொண்ணு ப்ளீச்சுக்கு. அதே நிறுவனத்துக்குச் சொந்தமா உப்பளமும் இருக்கு. எங்கன்னு கேளுங்க. வேதாரண்யத்துல.