விற்பவரை நம்பலாமா? - அமெரிக்கப் பழைய கார்களின் கதை

பார்க்கப் பளபளவென்று இருந்துவிட்டு, வாங்கிய மறுவாரமே மெக்கானிக் ஷெட்டில் போய் நிற்கும் காருக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயர் 'எலுமிச்சை'. இந்த எலுமிச்சையை வைத்து ஒருவர் நோபல் பரிசே வாங்கிவிட்டார்!

அவர் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர். 1970ல் வெளிவந்த அவருடைய கட்டுரையை முதலில் மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. "இது ரொம்ப அற்பமான விஷயம்" என்பது அவர்களில் சிலர் சொன்ன காரணம். நாலாவது இதழ் வெளியிட்டது. 2001ல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்குப் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னது இவ்வளவுதான். காரின் வண்டவாளம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. சந்தையில் பாதி நல்ல கார், அதன் மதிப்பு 2000 டாலர். பாதி மோசமான கார், 1000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எது எது என்று தெரியாதவர் நடுவாக 1500 தான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவர் "இந்த விலைக்கு நானே ஓட்டிக்கொள்கிறேன்" என்று போய்விடுவார். மிஞ்சுவது எலுமிச்சை மட்டும். ஆக, பொய்யனால் நஷ்டம் வாங்குபவருக்கு மட்டுமில்லை, யோக்கியமாக விற்க வந்தவருக்கும்தான்.

சரி, சட்டம் என்ன செய்தது?

முதலில் கை வைத்தது மீட்டரில். அந்தக் காலத்து ஓடோமீட்டர் வெறும் பல்சக்கரம். வேலை தெரிந்தவர் அதைப் பின்னால் சுற்றிவிட்டால் 90,000 மைல் ஓடிய கார் 40,000 மைல் ஓடிய 'இளமையான' காராகிவிடும். 1972ல் வந்த மத்தியச் சட்டம் இதைத் தடை செய்தது. விற்பவர், அவர் வியாபாரியோ சாதாரண ஆளோ, எத்தனை மைல் ஓடியது என்று எழுதித் தரவேண்டும் என்றது. ஆனால் தனித்தாளில் எழுதித் தந்தது எளிதில் காணாமல் போனது, இல்லை மாற்றப்பட்டது. அதனால் 1986ல் இன்னொரு சட்டம் போட்டு, மைல் கணக்கை உரிமைப் பத்திரத்திலேயே எழுத வைத்தார்கள். அப்போதும் ஒழிந்ததா? வருடத்துக்கு 4,50,000க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய் மீட்டரோடு விற்கப்படுகின்றன என்று 2002ல் அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டது.

அடுத்த கதை இன்னும் சுவாரசியம். 1981ல் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. பழைய கார் வியாபாரி தனக்குத் தெரிந்த பெரிய கோளாறுகளை ஒரு தாளில் எழுதிக் கார் ஜன்னலில் ஒட்டவேண்டும்! வியாபாரிகள் கொதித்தார்கள். 1982ல் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த விதியை ரத்து செய்தது. காங்கிரஸ் இப்படி ரத்து செய்வது செல்லாது என்று 1983ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாடா, விதி பிழைத்தது என்று பார்த்தால், 1984ல் ஆணையமே அதைத் திருத்தி வெளியிட்டது. ஜன்னல் தாள் இருந்தது. உத்தரவாதம் உண்டா இல்லையா என்ற விவரமும் இருந்தது. தெரிந்த கோளாறை எழுதும் கட்டாயம் மட்டும் காணோம்!

அந்தத் தாளும் வியாபாரிக்குத்தான். வருடத்துக்கு ஐந்து காருக்கு மேல் விற்பவரே வியாபாரி. தன் சொந்தக் காரை வீட்டு வாசலில் வைத்து விற்பவரை அந்த விதி தொடவே இல்லை. அவர் தெரிந்தே பொய் சொன்னால் வழக்குப் போடலாம். வாயையே திறக்காவிட்டால்? பல மாநிலங்களில் "உள்ளது உள்ளபடி" விற்றதாகவே கணக்கு.

ஆகவே ஆளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வண்டியின் ஜாதகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1981 மாடலிலிருந்து ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண் வந்தது. அதை வைத்து விபத்து, பழைய மீட்டர் கணக்கு எல்லாம் திரட்டி விற்க கார்ஃபாக்ஸ் போன்ற நிறுவனங்கள் வந்தன. 1992 சட்டத்தின்படி உருவான அரசுப் பதிவேடு 2009ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. இடையில் 2005ல் கத்ரீனா புயல் வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் மறுபதிவு செய்தால் 'வெள்ளத்தில் மூழ்கியது' என்ற முத்திரை பத்திரத்திலிருந்து மறைந்துவிடும். இதற்குப் 'பத்திரம் வெளுத்தல்' என்றே பெயர்.

இதையெல்லாம் படித்தால் நல்ல பழைய காரே கிடைக்காது என்று தோன்றும். ஆனால் எரிக் பாண்ட் என்பவர் 1982ல் பிக்கப் வண்டிகளை ஆராய்ந்தபோது, கைமாறிய வண்டிகள் கைமாறாதவற்றைவிட அதிகமாகப் பழுதானதாகத் தெரியவில்லை. சொந்த மெக்கானிக்கை அழைத்துப்போய்க் காட்டுவது, ரசீதுகளைக் கேட்பது என்று வாங்குபவர்களும் சும்மா இருப்பதில்லையே! மெக்கானிக் பார்க்கட்டும் என்றால் நழுவுகிற ஆளிடம் பேச்சை வளர்ப்பதே வீண்.

இதில் இன்னொரு ரகமும் உண்டு. ஆணையத்தின் விதிக்கும் உரிமத்துக்கும் தப்பிக்க, சொந்தக்காரர் போல் நடித்துத் தெருவோரத்தில் கார் விற்கும் கள்ள வியாபாரிகள். பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஆளின் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் பெயரும் பொருந்தாது. "அத்தை கார்", "நண்பன் கார்" என்பார்கள். இவர்களைப் பிடிக்க அமெரிக்கர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். எந்தக் கார் என்று சொல்லாமல், "கார் விஷயமாகக் கூப்பிடுகிறேன்" என்று மட்டும் போனில் சொல்வது. ஒரே கார் வைத்திருப்பவர் உடனே பேச ஆரம்பிப்பார். மற்றவர் கேட்பார்: "எந்தக் கார்?"