யுங் காணாது சென்ற மகரிஷி

சுவிற்சர்லாந்து நாட்டு உளமருத்துவரான கார்ல் குஸ்தாவ் யுங் (1875-1961), இந்திய விஞ்ஞான மாநாட்டின் வெள்ளி விழாவுக்கு அழைக்கப்பெற்று 1937ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1932இற் குண்டலினி யோகம் பற்றிச் சூரிச் நகரிற் கருத்தரங்கு நடாத்தியவர் அவர். எனினும், தென்னிந்தியாவுக்கு வந்தும் திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷிகளைக் காணாதே திரும்பினார். இதனைச் செருக்கெனக் கொள்வாருமுளர். அவர்தம் வாழ்க்கையை நோக்குவார்க்கு வேறொரு காரணம் புலனாகும்.

உளப்பகுப்பின் தந்தையாகிய பிராய்டை 1907இல் வியன்னாவிற் சந்தித்த யுங், சில ஆண்டுகள் அவர்தம் வாரிசாகவே மதிக்கப்பட்டார். நனவிலி மனம் ஒடுக்கப்பட்ட இச்சைகளின் உறைவிடம் என்றார் பிராய்ட். யுங்கோ, அதன் ஆழத்தில் மனித குலம் முழுவதற்கும் பொதுவான படிமங்கள் உள என்றார். 1913இல் உறவு முறிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் தனியே பயணஞ் செய்கையில், ஐரோப்பாவை வெள்ளம் மூடி, அவ்வெள்ளம் குருதியாக மாறும் காட்சி அவர்முன் தோன்றிற்று. தமக்குச் சித்தம் கலங்குகின்றதோ என அஞ்சினார். 1914 ஓகஸ்டிற் பெரும்போர் மூண்டபின்னரே, அக்காட்சி தமக்கு மட்டும் உரியதன்று எனத் தெளிந்தார்.

அஞ்சியவர் ஓடவில்லை. நோயாளரை எவ்விடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பினாரோ, அவ்விடத்துக்கு முதலில் தாமே சென்றார். மருத்துவத் தொழிலையும் குடும்பத்தையும் கைவிடாது, உள்ளத்தில் எழுந்த உருவங்களோடு உரையாடி, அவற்றைச் செந்தோலாற் கட்டிய பெருநூலொன்றில் எழுத்தும் சித்திரமுமாய்ப் பொறித்தார். முற்றுப்பெறாத அந்நூல் 2009இலேயே அச்சேறியது. அவருடைய பிற்காலக் கொள்கைகளின் வித்துக்கள் அதிலுள்ளன.

கல்கத்தாவில் வயிற்றுளைவு நோயாற் பத்து நாள் மருத்துவமனையிற் கிடந்து மீண்டபின், யுங் ஒரு கனவு கண்டார். இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் ஒரு தீவு, இயேசுநாதரின் இறுதி இராப்போசனத்தோடு தொடர்புறுத்திக் கூறப்படும் புனித பாத்திரத்தைக் கொணர்தல் வேண்டும், குறுக்கே கடல், பாலமில்லை, ஓடமில்லை, தோழர் உறங்குகின்றனர், தாமே தனித்து நீந்துதல் வேண்டும். இந்தியாவிற் கண்ட அக்கனவில் இந்தியா இல்லை. ஞானியர் கண்ட உண்மையைத் தமதாக்கிக்கொள்வது களவை ஒக்கும் என்பது அவர் கருத்து.

இக்கருத்து மகரிஷிகளுக்குப் பொருந்துமா என்பது ஐயமே. 1896இல் மதுரையில் மரணபயம் வந்துற்றபோது, குருவொருவரையும் நாடாது தன்னுள்ளே நோக்கிய சிறுவரல்லரோ அவர்? தம்மை நாடி வந்தாரையும் 'நான் யார்' என்று தாமே விசாரிக்குமாறன்றோ பணித்தார்? அவரிடத்துக் களவாடுதற்கு யாதுளது?

1944இல், மகரிஷிகளைப் பற்றி அறிஞர் சிம்மர் எழுதிய ஜெர்மன் நூலுக்கு யுங் முன்னுரை வரைந்தார். தாம் சென்று கண்டிருக்கலாம் என்று அதிற் கூறியவர், மறுமுறை இந்தியா சென்றாலும் அவ்வாறே காணாது திரும்பக்கூடும் என்றும் எழுதினார்.