சாயமிட்ட டீசல்

சாயமிட்ட டீசல் என்பது பொதுச் சாலைகளில் ஓடாத பொறிகளின் பயன்பாட்டிற்காக, எரிபொருள் வரி இன்றியோ குறைந்த வரியுடனோ விற்கப்படும் டீசல் ஆகும். உழவு இயந்திரங்கள், கட்டுமானப் பொறிகள், மின்னாக்கிகள், வீடுகளைச் சூடேற்றும் அடுப்புகள் முதலியவை இவ்வகை எரிபொருளைப் பயன்படுத்துகின்றன. வரி செலுத்தப்பட்ட டீசலில் இருந்து இதனை எளிதில் பிரித்தறிய, இதில் சிவப்பு அல்லது வேறு நிறச் சாயம் கலக்கப்படுகின்றது. சாயமிட்ட டீசலைச் சாலை வாகனங்களில் பயன்படுத்துவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமாகும். மலிவான உயிரி டீசலுடன் (பயோடீசல்) கலந்து பயன்படுத்தினாலும் இத்தடை நீங்குவதில்லை. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் நடைமுறையை முதன்மையாகவும், ஐக்கிய இராச்சியம், இந்தியா ஆகியவற்றின் நடைமுறைகளைச் சுருக்கமாகவும் விளக்குகின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் நெடுஞ்சாலைகளை அமைத்துப் பேணுவதற்காக 1956 ஆம் ஆண்டில் நெடுஞ்சாலை நிதியம் உருவாக்கப்பட்டது. எரிபொருள் மீதான கூட்டரசுக் கலால் வரியே இதன் முதன்மை வருவாய் ஆகும். சாலையைப் பயன்படுத்துவோரே சாலைக்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. எனவே சாலையில் ஓடாத பொறிகளின் எரிபொருளுக்கு இவ்வரியில் இருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

இவ்விலக்கே வரி ஏய்ப்புக்கு வழிவகுத்தது. வீடுகளைச் சூடேற்றும் எண்ணெயும் டீசலும் ஏறத்தாழ ஒரே பொருள்தான். 1980களில் நியூ யார்க், நியூ செர்சி பகுதிகளில் சூடேற்றும் எண்ணெயை வரியின்றி வாங்கி, பல போலி நிறுவனங்களின் வழியாகக் கைமாற்றி, இறுதியில் வரி செலுத்தப்பட்ட டீசல் எனச் சாலை வாகனங்களுக்கு விற்கும் குழுக்கள் இயங்கின. வரி அலுவலர்கள் கணக்குகளைத் தொடர்ந்து சென்றபோது, வரி கட்ட வேண்டிய நிறுவனம் மறைந்து போயிருக்கும். திட்டமிட்ட குற்றக் கும்பல்களும் இதில் ஈடுபட்டிருந்தன.

இதனைத் தடுக்க, 1993 ஆம் ஆண்டின் வரிச் சட்டம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. முதலாவதாக, எரிபொருள் பெருங்கிடங்கில் இருந்து வெளியேறும் இடத்திலேயே வரி பெறப்பட்டது. இரண்டாவதாக, வரியின்றி வெளியேறும் டீசலில் சாயம் கலக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. இவ்விதி 1994 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் பின்னர் டீசல் வரி வருவாய் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

இதே காலத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், கந்தகம் மிகுந்த டீசலைப் பிரித்தறியச் சாயத்தைக் கட்டாயமாக்கியது. முதலில் நீலச் சாயமே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் சிறிய வானூர்திகளில் பயன்படும் பெட்ரோலும் நீல நிறம் கொண்டது என்பதால், இரண்டும் மாறிப்போகும் ஆபத்துக் கருதி அது சிவப்பாக மாற்றப்பட்டது.

சாயமும் சோதனையும்

ஐக்கிய அமெரிக்காவில் சால்வென்ட் ரெட் 164 என்னும் அசோ வகைச் சாயம் பயன்படுகின்றது. இது எண்ணெயில் எளிதாகக் கரையும் நீர்மமாகும். 1000 பீப்பாய் எரிபொருளுக்கு 3.9 பவுண்டு திண்மச் சாயத்துக்கு (சால்வென்ட் ரெட் 26) இணையான நிறச் செறிவு இருத்தல் வேண்டும். இது ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆகும். இவ்வளவு சிறிய அளவே டீசலைத் தெளிவான சிவப்பாக மாற்றிவிடும்.

வாகன நிறுத்தங்கள், எடைமேடைகள், விற்பனை நிலையங்கள் முதலிய இடங்களில் அலுவலர்கள் வாகனத்தின் எரிபொருள் தொட்டியில் இருந்து சிறிதளவு எடுத்துப் பார்க்கின்றனர். ஐயம் எழுந்தால் மாதிரி ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகின்றது. அங்கு நிறமாலை ஒளிமானி கொண்டு, குறிப்பிட்ட அலைநீளங்களில் ஒளி உட்கவரப்படும் அளவில் இருந்து சாயத்தின் செறிவு கணக்கிடப்படுகின்றது. சோதனைக்கு இணங்க மறுப்பதற்கும் தண்டம் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறத்துடன் குறியீட்டுப் பொருள் ஒன்றும் சேர்க்கப்படுகின்றது. நெடுங்காலம் பயன்பட்ட சால்வென்ட் யெல்லோ 124 என்னும் பொருளைக் கொண்ட எரிபொருளை அமிலத்துடன் குலுக்கினால், அப்பொருளின் மூலக்கூற்றில் ஒரு பகுதி பிரிந்து, மீதிப் பகுதி நீரில் கரைந்து அமில அடுக்கைச் சிவப்பாக்கும். அதனால் சாலையோரத்திலேயே சோதனை செய்ய முடிந்தது. ஆயினும் இப்பண்பே அதன் குறையும் ஆயிற்று. அமிலம் கொண்டு அதனை நீக்கிவிடவும் முடிந்தது. ஆகவே நீக்குவதற்குக் கடினமான வேறொரு பொருளை ஏற்க 2022 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையம் முடிவு செய்தது.

உயிரி டீசலுடன் கலத்தல்

உயிரி டீசல் என்பது தாவர எண்ணெய் அல்லது விலங்குக் கொழுப்பை மெத்தனாலுடன் வினைபுரியச் செய்து பெறப்படும் எரிபொருள் ஆகும். இவ்வினையில் கிளிசரின் துணை விளைபொருளாகக் கிடைக்கின்றது. உணவகங்களில் பொரித்து எஞ்சிய எண்ணெயில் இருந்தும் இதனைத் தயாரிக்கலாம் என்பதால், வீட்டிலேயே சிறு அளவில் தயாரிப்போரும் உள்ளனர். தூய உயிரி டீசல் பி100 எனவும், 20 விழுக்காடு உயிரி டீசல் கொண்ட கலவை பி20 எனவும் குறிக்கப்படுகின்றன.

மலிவாகக் கிடைக்கும் உயிரி டீசலுடன் சாயமிட்ட டீசலைக் கலந்து மகிழுந்து அல்லது சரக்குந்தை ஓட்டினால் செலவு குறையும் என்ற எண்ணம் சிலரிடையே உள்ளது. இதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

1. "உயிரி டீசல் கச்சா எண்ணெயில் இருந்து வருவதில்லை, ஆகவே அதற்கு வரி இல்லை." இது சரியன்று. டீசல் பொறி கொண்ட சாலை வாகனத்தில் எந்த நீர்ம எரிபொருளைப் பயன்படுத்தினாலும், அதற்கு முன்னரே வரி செலுத்தப்படவில்லை எனில், பயன்படுத்தும்போது வரி செலுத்த வேண்டும். வீட்டில் தயாரித்த பி100 எரிபொருளுக்கும் இது பொருந்தும். வரி செலுத்திய டீசலுடன் வரி செலுத்தாத உயிரி டீசலைக் கலந்து விற்பவர், உயிரி டீசல் பங்கிற்கு உரிய வரியைச் செலுத்தும் பொறுப்புடையவர்.

2. "கலவையில் சாயமிட்ட டீசல் சிறு பங்கே உள்ளது." கலப்பதனால் சாயம் மறைவதில்லை, செறிவு மட்டுமே குறைகின்றது. எடுத்துக்காட்டாக, ஐந்தில் ஒரு பங்கு சாயமிட்ட டீசல் கொண்ட கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.2 மில்லிகிராம் அளவிற்கு இணையான சாயம் எஞ்சும். பழைய பொரிப்பு எண்ணெயில் இருந்து பெற்ற அடர்நிற உயிரி டீசலில் இதனைக் கண்ணால் காண்பது கடினமாகலாம். ஆயினும் ஆய்வகக் கருவியால் இது எளிதில் கண்டறியப்படும். மேலும் சாயத்தின் செறிவை வேதியியல் முறையிலோ வேறு முறையிலோ வேண்டுமென்றே மாற்றுவது தனிக் குற்றமாகும்.

3. "இரண்டும் ஒரே டீசல்தான், பொறிக்குத் தீங்கில்லை." பொறியைப் பொறுத்தவரை இது இன்று பெரும்பாலும் உண்மை. ஆனால் தடைக்குக் காரணம் பொறி அன்று, வரியே ஆகும்.

உயிரி டீசல் மலிவாக இருந்ததற்கு அரசின் ஊக்கத்தொகையும் ஒரு காரணம். 2005 முதல், உயிரி டீசலைக் கச்சா எண்ணெய் டீசலுடன் கலப்பவருக்கு ஒரு காலன் வேளாண் உயிரி டீசலுக்கு 1 டாலர் வரிச் சலுகை அளிக்கப்பட்டது. கலவையில் 0.1 விழுக்காடு டீசல் இருந்தாலே போதும். அதாவது 999 காலன் உயிரி டீசலுடன் 1 காலன் டீசலைச் சேர்த்தால் சலுகை கிடைத்தது. பலமுறை காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்ட இச்சலுகை 2024 ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுற்றது. இச்சலுகை, கலவையைச் சாலையில் பயன்படுத்துவோருக்குக் கலால் வரியில் இருந்து விலக்கு அளிக்கவில்லை.

வரியும் தண்டமும்

ஐக்கிய அமெரிக்காவில் டீசலுக்கான கூட்டரசு வரி ஒரு காலனுக்கு (3.785 லிட்டர்) 24.4 சதம் ஆகும். 1993 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னர் இவ்வரி விகிதம் உயர்த்தப்படவில்லை. மாநில வரிகள் இதற்குக் கூடுதலானவை.

சாயமிட்ட எரிபொருளை, வரிக்குரிய பயன்பாடு என்று அறிந்தோ அறிய வாய்ப்பிருந்தோ பயன்படுத்துவோருக்கும் விற்போருக்கும் விதிக்கப்படும் தண்டம், 1000 டாலர் அல்லது காலனுக்கு 10 டாலர், இவற்றுள் எது அதிகமோ அதுவாகும். மீண்டும் பிடிபட்டால் 1000 டாலர் என்ற அடிப்படைத் தொகை 2000, 3000 என உயரும். இத்தண்டம் வரிக்குக் கூடுதலானது. மாநிலங்களும் தனியே தண்டம் விதிக்கலாம்.

ஒரு வாகனத்தின் தொட்டியில் 30 காலன் சாயமிட்ட டீசல் இருப்பதாகக் கொள்வோம். அதில் மிச்சமாகும் கூட்டரசு வரி 7 டாலர் 32 சதம் மட்டுமே. பிடிபட்டால் செலுத்த வேண்டிய தண்டமோ 1000 டாலர். 200 காலன் கொள்ளும் சரக்குந்தில் மிச்சம் 48 டாலர் 80 சதம். தண்டம் 2000 டாலர்.

அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள்

பின்வருவன சாயமிட்ட டீசலைப் பயன்படுத்தலாம்.

- பண்ணைகளில் வேளாண்மைக்குப் பயன்படும் பொறிகள்
- சாலைக்கு வெளியே இயங்கும் கட்டுமானப் பொறிகளும் மின்னாக்கிகளும்
- வீடுகளையும் கட்டடங்களையும் சூடேற்றும் அமைப்புகள்
- மாநில, உள்ளூர் அரசுகளின் வாகனங்கள், பள்ளிப் பேருந்துகள்
- குளிர்பதனச் சரக்குந்துகளில், தனித் தொட்டி கொண்ட குளிரூட்டும் பொறி

கடைசியாகக் கூறியதில் தனித் தொட்டி என்பது இன்றியமையாதது. சரக்குந்தை ஓட்டும் பொறியும் அதே தொட்டியில் இருந்து எரிபொருள் பெறுமாயின், அத்தொட்டியில் சாயமிட்ட டீசலை நிரப்ப இயலாது. வரி செலுத்திய டீசலைப் பண்ணையில் பயன்படுத்திய உழவர், செலுத்திய வரியைப் பின்னர் திரும்பக் கோரலாம்.

பேரிடர்க் காலங்களில் தற்காலிகத் தளர்வு அளிக்கப்படுவதும் உண்டு. 2005 இல் கத்ரீனா, 2012 இல் சாண்டி, 2017 இல் இர்மா ஆகிய சூறாவளிகளின் பின்னர், எரிபொருள் தட்டுப்பாடு காரணமாகச் சாயமிட்ட டீசலைச் சாலையில் பயன்படுத்தியோர் மீது தண்டம் விதிக்கப்படவில்லை. ஆனால் காலனுக்கு 24.4 சத வரி செலுத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது.

பொறியின் மீதான விளைவுகள்

முன்னர் சாலைக்கு வெளியே பயன்படும் டீசலில் கந்தகம் மிகுந்திருந்தது. 2006 முதல் சாலை டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 15 பங்காகக் குறைக்கப்பட்டது. சாலை சாராப் பொறிகளின் டீசலுக்கு இதே வரம்பு 2010 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கந்தகம் மிகுந்த எரிபொருள், புதிய வாகனங்களின் வினையூக்கிகளையும் புகைத்துகள் வடிகட்டியையும் கெடுக்கும். எனவே பழைய இருப்பில் உள்ள எரிபொருளும் தரம் அறியப்படாத சூடேற்றும் எண்ணெயும் இன்றும் ஆபத்தானவையே.

உயிரி டீசலுக்கும் சில தனிப்பண்புகள் உண்டு. அது கரைப்பானாகச் செயல்பட்டுத் தொட்டியில் படிந்துள்ள பழைய கசடுகளைப் பெயர்த்துவிடும். இவை எரிபொருள் வடிகட்டியை அடைக்கும். பழைய வாகனங்களின் இயற்கை இரப்பர்க் குழாய்களை அது நாளடைவில் சிதைக்கும். குளிரில் இறுகும் இயல்பும் உண்டு; சோயா எண்ணெயில் இருந்து பெற்றது ஏறத்தாழ 0 பாகை செல்சியசிலேயே கலங்கத் தொடங்குகின்றது. வினை முற்றுப்பெறாத, நன்கு கழுவப்படாத எரிபொருளில் எஞ்சும் கிளிசரினும் மெத்தனாலும் எரிபொருள் உட்செலுத்தியைப் பாதிக்கும். ஆகவே பி100 எரிபொருளுக்கு ஏஎஸ்டிஎம் டி6751 என்னும் தரநிலையும், பி6 முதல் பி20 வரையான கலவைகளுக்கு டி7467 என்னும் தரநிலையும் வகுக்கப்பட்டுள்ளன.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் இது சிவப்பு டீசல் என அழைக்கப்படுகின்றது. 2022 ஏப்ரல் 1 முதல் கட்டுமானம் உட்படப் பெரும்பாலான துறைகள் இதனைப் பயன்படுத்தும் உரிமையை இழந்தன. வேளாண்மை, மீன்பிடி முதலிய சில துறைகளுக்கு உரிமை தொடர்ந்தது. அங்கு உயிரி டீசலைப் பொறுத்தவரை, 2007 முதல் ஆண்டுக்கு 2500 லிட்டர் வரை தயாரிப்போருக்கு அல்லது பயன்படுத்துவோருக்கு வரிவிலக்கு உண்டு. எனவே தன் வாகனத்திற்குத் தானே எரிபொருள் தயாரிப்பவர் சட்டத்தின் வரம்பிற்குள்ளேயே வரியைத் தவிர்க்கலாம். ஆனால் அதில் சிவப்பு டீசலைக் கலந்தால் அவர் குற்றம் புரிந்தவராவார்.

வட அயர்லாந்தில், சாயத்தை நீக்கி எரிபொருளை விற்கும் சட்டவிரோத ஆலைகள் நீண்டகாலச் சிக்கலாக இருந்து வந்துள்ளன. அவற்றின் அமிலக் கழிவுகள் நாட்டுப்புறச் சாலையோரங்களில் கொட்டப்பட்டு, மண்ணையும் நீரையும் மாசுபடுத்தின. அவற்றை அகற்றும் செலவு பொதுமக்களின் வரிப்பணத்தின் மீதே விழுந்தது.

இந்தியாவில் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் மானிய விலையில் வழங்கப்பட்ட மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் இடப்பட்டது. இங்கு நோக்கம் வரியைக் காப்பதன்று, மானியத்தைக் காப்பதே ஆகும். விலை வேறுபாடு காரணமாக இம்மண்ணெண்ணெய் டீசலில் கலப்படம் செய்யப்பட்டது. கலப்படம் செய்த எரிபொருள் நிலையங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் நிறுவன அலுவலர் சண்முகம் மஞ்சுநாத், 2005 நவம்பர் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் இலக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரே பொருள் பயன்பாட்டிற்கு ஏற்ப இரு விலைகளில் விற்கப்படும் இடங்களிலெல்லாம் இவ்வகைக் கலப்பும் ஏய்ப்பும் தோன்றியுள்ளன. சாயம் அதனை முற்றாகத் தடுப்பதில்லை, கண்டறிவதை எளிதாக்குகின்றது.

இவற்றையும் பார்க்க

- உயிரி டீசல்
- கலால் வரி
- மண்ணெண்ணெய்
- எரிபொருள் கலப்படம்