சிற்றுருவப் போர் விளையாட்டின் நிலக்காட்சி

பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டில் மலை, காடு, வீடு ஆகியவற்றையும் ஆடுவோரே செய்வதுண்டு. 1812-இல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ், இடம் மாற்றி அடுக்கக்கூடிய சாந்துக் கட்டைகளால் நிலப்பரப்பு அமைத்து அரசருக்கு அளித்தார். அது படைப் பயிற்சிக்கானது.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இதனை வீட்டு விளையாட்டாக ஆடி, 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் விளக்கினார். தொடக்கத்தில் கலைக்களஞ்சியத் தொகுதிகளே தரையில் மேடுகளாயின. பின்னர் பலகைத் துளைகளில் செருகிய சிறுகிளைகள் காடாயின. சுண்ணக்கட்டிக் கோடுகள் ஆறுகளாயின. வெட்டவெளியில் குறிபார்த்துச் சுடுவது மட்டுமே ஆட்டம். மறைவிடம் வந்தபின் படையை நகர்த்தவும் பதுக்கவும் சிந்திக்க வேண்டியதாயிற்று.

உண்மைப் போர் எத்துணை மடமையானது என்பதை இவ்விளையாட்டு உணர்த்தும் என்றார் வெல்ஸ். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.